தகடு தரும் தவணை

2020 ஜூலை 19. ஸ்பெயினின் ஹெரெஸ் பந்தயத் தடத்தில் அந்த ஆண்டின் முதல் மோட்டோ ஜிபி பந்தயம் நடந்துகொண்டிருந்தது. நடப்பு உலக சாம்பியன் மார்க் மார்க்கெஸ் தொடக்கத்திலேயே தடம் விலகிப் பின்வரிசைக்குப் போய்விட்டார். பிறகு ஒவ்வொருவராக முந்தி மூன்றாம் இடத்துக்கு வந்திருந்தார். பந்தயம் முடியச் சில சுற்றுகளே இருக்கும்போது வளைவில் தூக்கி எறியப்பட்டார். உருண்டு வந்த அவருடைய பைக்கின் முன்சக்கரம் வலக்கையில் அடித்தது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே மேற்கை எலும்பு முறிந்தது.

ஜூலை 21 அன்று பார்சிலோனாவில் அறுவை சிகிச்சை செய்து, முறிந்த துண்டுகளைப் பொருத்தி, டைட்டானியத் தகடு ஒன்றை வைத்துத் திருகுகளால் இறுக்கினார்கள். நான்கே நாளில், ஜூலை 25 சனிக்கிழமை, அதே தடத்தில் பைக்கில் ஏறினார். சில சுற்றுகள் ஓட்டிய பின் கை ஒத்துழைக்கவில்லை, விலகிக்கொண்டார். அடுத்த வாரம் வீட்டில் ஒரு பெரிய சன்னலைத் திறக்கும்போது தகடு கைவிட்டது. ஆகஸ்ட் 3 அன்று இரண்டாவது அறுவை சிகிச்சை. தகட்டின் மேல் அழுத்தம் சேர்ந்துகொண்டே வந்ததுதான் காரணம் என்று அணியின் அறிக்கை சொன்னது.

மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக்கைத் தாங்கிய தகடு ஒரு சன்னலுக்குத் தோற்குமா? கையில் பிளேட் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் புரிந்துகொள்ள வேண்டிய கேள்வி இது. "கம்பி வைத்தாகிவிட்டது, இனிக் கவலை இல்லை" என்றுதான் வீட்டுக்கு வருகிறவர்கள் நினைக்கிறார்கள். எக்ஸ்ரே படத்தில் அந்தத் தகடு பளிச்சென்று வெள்ளையாக, எலும்பைவிட உறுதியாகத் தெரிகிறது. அதைப் பார்க்கும்போது வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணம் வருவது இயல்பு. உண்மையில் வேலை அன்றுதான் ஆரம்பிக்கிறது.

கட்டுக்கம்பியைக் கையால் இழுத்து அறுக்க முடியாது. ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் அறுந்துவிடும். உலோகச் சோர்வு என்பது இதுதான். ஒவ்வொரு வளைவும் கண்ணுக்குத் தெரியாத விரிசலை ஒரு நூலளவு நீட்டுகிறது. கடைசி வளைவு மிகச் சிறியதாக இருந்தாலும் போதும். அறுவைக்குப் பயன்படும் ஸ்டீலின் விறைப்பு, நம் எலும்பின் கெட்டியான வெளிச்சுவரின் விறைப்பைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. டைட்டானியத்தினுடையது ஐந்தாறு மடங்கு. ஆனாலும் அந்த மெல்லிய தகடு பாரத்தைத் தனியாகச் சுமக்கும்படி வடிவமைக்கப்பட்டதல்ல. எலும்பின் இரு முனைகளும் ஒன்றையொன்று தாங்க, மிச்சப் பாரத்தைத் தகடு பகிர்ந்துகொள்ள வேண்டும். எலும்பு கூடக் கூடத் தகட்டின் சுமை குறையும். எலும்பு கூடவே இல்லையென்றால், எவ்வளவு விலையுயர்ந்த தகடானாலும் ஒரு நாள் முறியும். எலும்பு மருத்துவர்கள் இதை ஒரு பந்தயமாகவே பார்க்கிறார்கள்: எலும்பு கூடுவது முந்துமா, உலோகம் சோர்ந்து முறிவது முந்துமா? தகடு நமக்குத் தருவது ஒரு தவணை மட்டும்.

அந்தத் தவணைக்குள் முறிந்த இடத்தில் என்ன நடக்கிறது?

எலும்பு முறிந்ததும் அதற்குள் ஓடும் இரத்த நாளங்களும் அறுபடுகின்றன. கசிந்த இரத்தம் முறிவைச் சுற்றி உறைந்து கட்டியாகிறது. பார்க்க அலங்கோலமாக இருக்கும் இந்த உறைகட்டிதான் எல்லாவற்றுக்கும் விதை. அழற்சிச் செல்கள் அங்கே வந்து சேர்கின்றன. இறந்த துணுக்குகளை அகற்றுகின்றன. எலும்பு உண்டாக்கும் செல்களை இரசாயனச் செய்தி அனுப்பி வரவழைக்கின்றன. முதல் வாரத்து வீக்கத்தையும் சூட்டையும் நோயாக எண்ணி நாம் அஞ்சுகிறோம். அவை இந்த வேலையின் வெளித்தோற்றம். இரண்டு மூன்று வாரத்தில் உறைகட்டி இருந்த இடத்தில் நாரும் குருத்தெலும்பும் கலந்த மென்மையான திரள் உருவாகிறது. பிறகு அதில் கால்சியம் படிந்து கெட்டியாகிறது. மேற்கை எலும்பில் இது சாதாரணமாக 8 முதல் 12 வாரம். அதன் பிறகும், கரடுமுரடான அந்தத் திரளைக் கரைத்துச் சீராக்கிப் பழைய குழல் வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தொடரும்.

இது உடம்பு தானாகக் கண்டுபிடித்த வழி. இன்னொரு வழியும் உண்டு. அதை மனிதன்தான் கண்டுபிடித்தான் என்று சொல்லலாம். பெல்ஜிய அறுவை மருத்துவர் ரொபேர் டானிஸ், முறிந்த முனைகளை இடைவெளியே இல்லாமல் அழுத்திப் பிணைத்தால் திரள் எதுவும் தோன்றாமலே எலும்பு நேரடியாகக் கூடுவதைக் கண்டு 1949இல் வெளியான தம் நூலில் எழுதினார். அப்படிப்பட்ட முறிவில் எலும்பைக் கரைக்கும் செல்கள் ஒரு கூம்பாக அணிவகுத்து, முறிவுக் கோட்டின் குறுக்கே நுண்சுரங்கம் தோண்டிக்கொண்டு போகும். பின்னாலேயே எலும்பு கட்டும் செல்கள் வந்து சுரங்கச் சுவரில் புது எலும்பைப் பூசும். ஒரு நாளைக்கு அந்தக் கூம்பு முன்னேறும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். அதனால்தான் தகடு வைத்து இறுக்கிப் பொருத்திய முன்கை முறிவில், மூன்று மாதம் கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயிலும் பெரிதாக எதுவும் தெரிவதில்லை. "ஒண்ணுமே வளரலையே டாக்டர்" என்று பதறும் நோயாளிக்கு, வளராததுதான் இங்கே நல்ல அறிகுறி என்று பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு வழிகளில் உடம்பு எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதை முடிவு செய்வது அசைவு. சுவிட்சர்லாந்தின் ஸ்டெஃபான் பெர்ரன் இதை ஒரு கணக்காக்கிக் காட்டினார். எலும்பியலில் எனக்கு மிகப் பிடித்த கணக்கு இது. முறிவின் இடைவெளி எவ்வளவு, அதில் அசைவு எவ்வளவு என்பதன் விகிதமே முக்கியம் என்றார் அவர். இடைவெளி ஒரு மில்லிமீட்டர் இருந்து, அசைவு அதில் நூறில் ஒரு பங்கு என்றால், நடுவே இருக்கும் திசு ஒரு சதவீதம் மட்டுமே இழுபடுகிறது. அதே சிறிய அசைவு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கே உள்ள இடைவெளியில் நிகழ்ந்தால் அங்கிருக்கும் திசு தன் நீளத்துக்கு இரு மடங்காக இழுபடுகிறது. எந்த எலும்புச் செல்லும் அதில் பிழைக்காது. முதலில் வரும் மென்திசு 100 சதவீத இழுபடலையும் தாங்கும். குருத்தெலும்பு சுமார் 10 சதவீதம் தாங்கும். முதிர்ந்த எலும்பு தாங்குவது 2 சதவீதம்தான். ஆகவே உடம்பு படிப்படியாகப் போகிறது: முதலில் எதையும் தாங்கும் மென்திசுவை வைத்து அசைவைக் கொஞ்சம் குறைக்கிறது, குறைந்த அசைவில் குருத்தெலும்பு வாழ முடிகிறது, அது இன்னும் இறுக்க, எலும்புக்கு வாழ்விடம் கிடைக்கிறது.

இதிலிருந்து எதிர்பாராத ஒன்று தெரியவருகிறது. பல துண்டுகளாக நொறுங்கிய முறிவில், அசைவு பல இடைவெளிகளுக்குப் பங்கு பிரிவதால், கொஞ்சம் அசைந்தாலும் எலும்பு கூடிவிடும். ஆனால் நேர்கோடாக முறிந்து, மயிரிழை இடைவெளி விட்டுப் பிணைக்கப்பட்ட முறிவு, மிகச் சிறிய அசைவையும் பொறுக்காது. வெளிப்பார்வைக்கு எளிதான முறிவுதான் சில நேரம் கூடாமல் அடம்பிடிக்கிறது. "என் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு எலும்பு தூள் தூளாகிவிட்டது, அவர் மூன்று மாதத்தில் வேலைக்குப் போய்விட்டார், எனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்பவருக்குப் பெர்ரனின் கணக்கில் பதில் கிடைக்கலாம்.

அசைவுதான் எதிரி என்றால், கையை மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைத்துவிடலாமே, கத்தி எதற்கு?

நூறு ஆண்டுகள் அப்படித்தான் செய்தார்கள். டச்சு ராணுவ மருத்துவர் அந்தோனியுஸ் மாத்தைசன் 1851இல் துணிப்பட்டையில் பாரிஸ் சாந்துப் பொடியைத் தேய்த்து, நனைத்துச் சுற்றும் கட்டைக் கொண்டுவந்தார். அதற்கு வெகு காலம் முன்பே எகிப்தியர்கள் துணி சுற்றிய சிம்புகளை வைத்துக் கட்டியதை எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்ற பண்டைய மருத்துவச் சுவடி சொல்கிறது. அதில் மேற்கை எலும்பு முறிவுக்கென்றே தனிக் குறிப்பு இருக்கிறது. எலும்பைத் திறந்து பிணைக்கப் பெரும்பாலோர் துணியாததற்குக் காரணம் சீழ். அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோவில், காலெலும்பு தோலைக் கிழித்து வெளிவந்த 11 வயதுச் சிறுவனின் காயத்தைக் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியால் மூடி, சீழ் பிடிக்காமல் குணப்படுத்திய பிறகுதான் எலும்பு அறுவைக்குக் கதவு திறந்தது. முப்பது ஆண்டு கழித்து ரான்ட்கனின் எக்ஸ்ரே வந்தது.

மாவுக்கட்டில் எலும்பு கூடிவிடும். ஆனால் கட்டைப் பிரித்தால் உள்ளே இருக்கும் கை வேறொருவருடையது போல இருக்கும். தசை வற்றி, தோல் உலர்ந்து, மூட்டுகள் இறுகி, எலும்பே மெலிந்து போயிருக்கும். எலும்பு கூடிய பிறகும் கை பயன்படாமல் ஊனமாகவே வாழ்ந்தவர்கள் ஏராளம். 1950இல் மோரிஸ் முல்லர் என்ற இளம் சுவிஸ் மருத்துவர் பிரஸ்ஸல்ஸ் சென்று டானிஸைச் சந்தித்தார். கட்டே இல்லாமல், அறுவைக்குப் பின் சில நாளிலேயே கையைக் காலை அசைக்கும் நோயாளிகளை அங்கே பார்த்தார். ஊர் திரும்பி நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 1958இல் பீல் நகரில் ஒரு குழுவைத் தொடங்கினார். ஏஓ என்ற பெயரில் இன்று உலகம் முழுதும் எலும்பு அறுவைப் பயிற்சி தரும் அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. எலும்பைச் சரியாகப் பொருத்து, உறுதியாகப் பிணை, இரத்த ஓட்டத்தைக் கெடுக்காதே, சீக்கிரம் அசை என்று நான்கு நெறிகளை வகுத்தார்கள். முதல் மூன்றும் நான்காவதுக்காகவே இருக்கின்றன என்பது என் எண்ணம்.

ஆக, தகடு எலும்பைக் குணப்படுத்த வைக்கப்படுவதில்லை. எலும்பு அசையாமல் இருக்கும்போதே மூட்டும் தசையும் அசைவதற்கு வழி செய்யவே அது வைக்கப்படுகிறது. எலும்புக்கு அமைதி வேண்டும். மூட்டுக்கு அசைவு வேண்டும். ஒரே கையில் இரண்டும். குணமாகும் காலம் முழுதும் நோயாளி செய்ய வேண்டியது, எந்த அசைவு மருந்து, எந்த அசைவு சுமை என்று பிரித்தறிவதுதான். முழங்கையைத் தானாக மடக்கி நீட்டுவது மருந்து. அதே கையை ஊன்றிக் கட்டிலிலிருந்து எழுவது சுமை. மார்க்கெஸின் மனவலிமையை நான் மதிக்கிறேன். ஆனால் நான்காம் நாளில் அவர் செய்தது சுமை. அத்தனை பெரிய விளையாட்டு வீரருக்குக்கூட யாரும் அதைத் தடுத்துச் சொல்ல முடியாமல் போனது எனக்கு வருத்தம் தருகிறது.

கையில் இருக்கும் மூன்று நீள எலும்புகளுக்கும் ஒரே சட்டம் கிடையாது. மேற்கை எலும்பு தாராள மனசு கொண்டது. 20 டிகிரி முன்பின்னாக வளைந்து கூடினாலும், 2, 3 சென்டிமீட்டர் குறைந்தாலும், தோள் மூட்டு எல்லாப் பக்கமும் சுழல்வதால் அன்றாட வேலையில் அது தெரியாது. அமெரிக்காவில் பணியாற்றிய அகஸ்தோ சார்மியெந்தோ 1977இல், கையைச் சுற்றி இறுகப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை ஒன்றை மட்டும் போட்டுத் தோளையும் முழங்கையையும் அசையவிட்டு, அறுவை இல்லாமலே பெரும்பாலான மேற்கை முறிவுகள் கூடுவதைக் காட்டினார். எனவே மேற்கை முறிந்த எல்லோருக்கும் தகடு தேவையில்லை.

முன்கை அப்படியல்ல. அங்கே ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள். உள்ளங்கையை மேல் நோக்கித் திருப்பித் திருநீறு வாங்கும்போதும், கவிழ்த்து விசைப்பலகையில் தட்டும்போதும், வில்லாக வளைந்த ரேடியஸ் எலும்பு அல்னாவைச் சுற்றிப் புரள்கிறது. முன்கை முழுதுமே ஒரு மூட்டு என்று சொல்வது தகும். அந்த வில் வளைவு கொஞ்சம் நேராகிவிட்டாலும் சுழற்சி தடைபடும். பெரியவர்களுக்கு இரண்டு முன்கை எலும்புகளும் முறிந்தால் ஏறக்குறைய எப்போதும் தகடு வைப்பது இதனால்தான். 1981இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் அன்றாட வேலைகளுக்கு எவ்வளவு அசைவு தேவை என்று அளந்தார்கள். முழங்கை 30 டிகிரியிலிருந்து 130 டிகிரி வரை மடங்கினால் போதும்; முன்கை இரு பக்கமும் 50 டிகிரி புரண்டால் போதும் என்று கண்டார்கள். கையால் பிசைந்து உண்ணும் நமக்கு மடக்குவதும் உள்ளங்கையைத் திருப்புவதும் மிக முக்கியம். தோசையைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோக முடிகிறதா என்பது பிசியோதெரபி அறையில் கோணமானி காட்டும் எண்ணைவிட நோயாளிக்குப் பெரிய செய்தி.

மேற்கை எலும்புக்கு இன்னொரு அபாயம் உண்டு. ரேடியல் நரம்பு அதன் பின்புறத்தை ஒட்டி, திருகுபோல் சுற்றிக்கொண்டு இறங்குகிறது. மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் நரம்பு அது. நடுத்தண்டு முறிவுகளில் பத்தில் ஒருவருக்கு அது அடிபடுகிறது, மணிக்கட்டு தொங்கிவிடும். மார்க்கெஸுக்கு இந்த நரம்பு தப்பியதை அறுவை மேசையில் உறுதி செய்தார்கள். தொங்கும் மணிக்கட்டைப் பார்த்துக் கை போய்விட்டது என்று அழுகிறவர்களுக்கு ஓர் ஆறுதல்: பெரும்பாலும் நரம்பு அறுபடுவதில்லை, நசுங்கியோ இழுபட்டோதான் இருக்கும், தானாக மீளும். நரம்பு இழை வளரும் வேகம் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். முறிந்த இடத்திலிருந்து முதல் தசைக்கு 10 சென்டிமீட்டர் தூரம் என்றால் மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை மணிக்கட்டை நிமிர்த்தி வைக்கும் பட்டை அணிந்து, விரல் மூட்டுகளை மறுகையால் மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நரம்பு வந்து சேரும்போது மூட்டுகள் இறுகிக் கிடந்தால், வந்து பயனில்லை.

முதல் சில நாள்களில் கவனிக்க வேண்டியது எலும்பை அல்ல, விரல்களை. ஜெர்மனியின் ரிச்சர்ட் ஃபோல்க்மன் 1881இல், இறுக்கிக் கட்டிய கட்டுகளுக்குப் பின் முன்கைத் தசைகள் இறந்து சுருங்கி, விரல்கள் கொக்கிபோல் வளைந்துவிடுவதை விவரித்தார். முன்கைத் தசைகள் விரியாத உறைகளுக்குள் இருக்கின்றன. உள்ளே வீக்கம் ஏறினால் அழுத்தம் கூடி, இரத்தம் நுழைய முடியாமல் போகும். மருந்துக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி, விரலை யாராவது நிமிர்த்தினால் உயிர்போகும் வலி, மரத்துப்போதல் ஆகியவை தென்பட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சுமார் ஆறு மணி நேரத்தில் தசை மீளாச் சேதம் அடைகிறது. கட்டுப் போட்ட கையானாலும், பிளேட் வைத்த கையானாலும், உள்ளூர்க் கட்டு வைத்தியரிடம் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிக்கொண்ட கையானாலும் இந்த விதி ஒன்றுதான்.

வீக்கம் வடியக் கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வைத்து, மணிக்கொரு தரம் விரல்களை இறுக்கி மூடித் திறக்கச் சொல்வார்கள். எளிமையாகத் தெரிவதால் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கைத்தொட்டிலில் கையைப் போட்டு நாள் முழுதும் அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறேன். எலும்பு கூடிய பின் அவர்களுக்கு முழங்கை நிமிர்வதில்லை. மூட்டுகளில் மிகவும் கோபக்காரன் முழங்கை. சில வாரம் அசையாமல் விட்டால் உறைகள் சுருங்கி இறுகிவிடும். அதற்காக எண்ணெய் தடவி அழுத்தி உருவி, இன்னொருவர் பலங்கொண்டு இழுத்து நீட்டுவது இன்னும் மோசம். நம் ஊரில் பாசத்தோடு செய்யப்படும் இந்தச் சிகிச்சை, அடிபட்ட தசைக்குள் எலும்பு வளரத் தூண்டும் என்று எலும்பியல் பாடநூல்கள் எச்சரிக்கின்றன. தசை இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு முளைத்தால் மூட்டு ஒரே கோணத்தில் பூட்டிக்கொள்ளும். நோயாளியே தன் தசையால், வலியின் விளிம்பு வரை மடக்கி நீட்டுவதுதான் பாதுகாப்பானது. அம்மாவோ மாமியாரோ தடவிவிட ஆசைப்பட்டால், அந்தக் கைகளுக்கு வேறு வேலை கொடுங்கள், சோறு ஊட்டிவிடட்டும்.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதில் புரதம் கொஞ்சம் இருக்கிறது, பசியைத் தூண்டும், மனத்துக்கு இதம். கால்சியம் மட்டும் மிகக் குறைவு. ஒரு டம்ளர் பாலில் அதைவிடப் பல மடங்கு. முறிவு கூட உடம்புக்கு அதிகம் வேண்டியது புரதம், போதிய வைட்டமின் டி, கட்டுக்குள் இருக்கும் சர்க்கரை. இவற்றுக்கெல்லாம் மேல், புகையை அடியோடு நிறுத்துவது. நிகோட்டின் நுண்நாளங்களைச் சுருக்குகிறது. புகைப்பவர்களின் எலும்பு தாமதமாகக் கூடுகிறது, கூடாமலும் போகிறது. மூன்று மாதம் நிறுத்துவதற்கு இதைவிட நல்ல காரணம் வாழ்க்கையில் வராது.

இதுவரை சொன்னதெல்லாம் கையைப் பற்றி. கையை ஆள்வது மூளை. அசையாத கையை மூளை மறக்கத் தொடங்குகிறது. சூரிச் ஆய்வாளர்கள் 2012இல், வலக்கை முறிந்து குறைந்தது 14 நாள் அசைக்க முடியாமல் இருந்த, வலக்கைப் பழக்கமுள்ள 10 பேரின் மூளையைப் படமெடுத்தார்கள். வலக்கையை இயக்கும் இடப்பக்க மூளைப்புறணி அதற்குள்ளாகவே மெலிந்திருந்தது. வேலை முழுதும் இடக்கைக்கு மாறியதால் வலப்பக்கப் புறணி தடித்திருந்தது. இரண்டு வாரத்தில்! கட்டைப் பிரித்ததும் டம்ளரைப் பிடிக்கத் தடுமாறுவதற்குத் தசைத் தளர்ச்சி மட்டும் காரணமல்ல. ஆணையிடும் இடமே ஆள் குறைந்து கிடக்கிறது.

அப்படியானால் கையை அசைக்காமலே மூளையைப் பழக்க முடியுமா? 2014இல் அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில், எந்த முறிவும் இல்லாத ஆரோக்கியமானவர்களின் மணிக்கட்டில் நான்கு வாரம் கட்டுப் போட்டார்கள். ஒரு பகுதியினர் சும்மா இருந்தார்கள். இன்னொரு பகுதியினர் வாரத்தில் ஐந்து நாள், கட்டுக்குள் இருக்கும் கையைப் பலமாக இறுக்குவதாக மனத்துக்குள் கற்பனை செய்தார்கள். தசை துளியும் அசையவில்லை. நான்கு வாரத்தில் முதல் பகுதியினர் 45 சதவீத வலிமையை இழந்தார்கள். கற்பனை செய்தவர்கள் இழந்தது 24 சதவீதம்.

மறுகைக்குப் பயிற்சி தருவது இன்னொரு வழி. யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் 1894லேயே ஒன்றைக் கவனித்தார்: ஒரு கையைப் பழக்கினால், பழக்காத கைக்கும் வலிமை கூடுகிறது. நூறாண்டுக்கு மேல் கழித்துக் கனடாவில், மணிக்கட்டருகே எலும்பு முறிந்த 50 வயதைத் தாண்டிய பெண்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நல்ல கையைப் பிடித்து அழுத்தும் பயிற்சி கொடுத்தார்கள். 12 வாரத்தில் அந்தக் குழுவின் முறிந்த கை மற்றவர்களுடையதைவிட வலுவாக இருந்தது. 26 வாரத்தில் இரு குழுவும் சமமாகிவிட்டன. ஆனால் இடைப்பட்ட அந்த மாதங்கள்தானே சமைக்கவும் குளிக்கவும் பிறரை எதிர்பார்க்க வேண்டிய மாதங்கள். செலவில்லாத, ஆபத்தில்லாத இந்தப் பயிற்சிகளை மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நான் வாதாடுவேன். மாத்திரைச் சீட்டுக்குக் கிடைக்கும் மரியாதை இதற்கும் கிடைக்கட்டும்.

மீண்டும் மார்க்கெஸிடம் வருவோம். இரண்டாவது தகடு வைத்த பிறகும் அவருக்கு எலும்பு கூடவில்லை. முறிவு கூடாமல் நின்று, நடுவே நார்த்திசு மட்டும் அடைத்துக்கொள்வதைப் பொய்மூட்டு என்கிறார்கள். 2020 டிசம்பர் 3 அன்று மாட்ரிட்டில் மூன்றாவது அறுவை, எட்டு மணி நேரம் நடந்தது. இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து எலும்பை எடுத்து, அதை மூடியிருக்கும் உயிருள்ள உறையோடு சேர்த்து முறிவில் வைத்து, புதுத் தகடு பிணைத்தார்கள். இடுப்பெலும்பு ஏன்? அதில் புது எலும்பு கட்டும் செல்கள் உண்டு. அவை ஊன்றி வளரச் சட்டம் உண்டு. வளரத் தூண்டும் புரதங்கள் உண்டு. இந்த மூன்றையும் சேர்த்துத் தரும் செயற்கைப் பொருள் எதுவும் இன்னும் அதை விஞ்சவில்லை. அறுவையின்போது எடுத்த மாதிரிகளைச் சோதித்ததில் முறிவில் கிருமி இருந்ததும் உறுதியானது. உலோகப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும் பாக்டீரியா தன்னைச் சுற்றிப் பசைப் படலம் ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. வெள்ளணுக்களும் மருந்தும் அதற்குள் எளிதில் நுழைய முடியாது. காய்ச்சலோ சீழோ இல்லாமல், எலும்பு கூடாததே ஒரே அறிகுறியாக அது பதுங்கியிருக்கக் கூடும். நீண்ட நாள் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டு, 2021 ஏப்ரலில் தடத்துக்குத் திரும்பினார். ஜூனில் ஜெர்மனியில் வென்றார்.

ஆனாலும் கை சரியாக இல்லை. எலும்பு கூடியிருந்தது, சுமார் 30 டிகிரி திருகிக் கூடியிருந்தது. மேற்கை எலும்பு எவ்வளவு வளைவை மன்னித்தாலும், அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. தோள் மூட்டு அந்தத் திருகலை ஈடுகட்டிக்கொண்டே இருந்ததால் சாதாரண வேலைகள் நடந்தன. பைக்கை வளைவில் சாய்க்கும் தருணத்தில் தோளுக்கு மிச்சம் இருக்கும் சுழற்சி போதவில்லை. வளைந்து கூடிய எலும்பை, முக்கியமாகக் குழந்தைகளில், வளர்ச்சியே ஓரளவு நேராக்கிவிடும். திருகிக் கூடியதை நேராக்கும் திறன் அதற்கு மிகக் குறைவு. 2022 ஜூனில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நான்காவது அறுவை. கூடிய எலும்பையே வெட்டி, சுழற்றி, மீண்டும் பிணைத்தார்கள். இம்முறை அவர் காத்திருந்தார். எலும்பு கூடியதை ஸ்கேனில் பார்த்த பிறகே செப்டம்பரில் களமிறங்கினார். 2025 செப்டம்பர் 28 அன்று ஜப்பானின் மோட்டெகியில் மறுபடியும் உலக சாம்பியன் ஆனார்.

எலும்பு கூடிய பின் எல்லோரும் கேட்கும் கேள்வி: பிளேட்டை எடுக்க வேண்டுமா? பெரியவர்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால் பெரும்பாலும் எடுப்பதில்லை. மேற்கையில் ரேடியல் நரம்பு தகட்டின் மேலேயே ஒட்டிக் கிடக்கலாம். எடுக்கப் போய் நரம்பைக் கெடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. முன்கையில் தோலுக்கடியில் துருத்திக்கொண்டு மேசையில் இடிக்கும் தகட்டை எடுக்கச் சொல்லிக் கேட்பவர்கள் அதிகம். அங்கே அவசரம் கூடாது என்பதற்கு எலும்பின் இயல்பே காரணம். தாங்கும் பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று மருத்துவர் யூலியுஸ் வோல்ஃப் 1892இல் எழுதினார். 1977இல் தொழில்முறை டென்னிஸ் வீரர்களை எக்ஸ்ரே எடுத்தபோது, ஆடும் கையின் மேற்கை எலும்புச் சுவர் ஆண்களுக்கு 35 சதவீதமும் பெண்களுக்கு 28 சதவீதமும் மறுகையைவிடத் தடித்திருந்தது. இதே விதி எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. தகடு பாரத்தைப் பங்குபோட்டுக்கொண்டே இருப்பதால் அதனடியில் உள்ள எலும்பு மெலிந்திருக்கும். திருகைக் கழற்றினால் ஒவ்வொரு துளையும் எலும்பின் ஒரு பலவீனமான புள்ளி. முறிவு கூடி ஒன்றரை இரண்டு ஆண்டு ஆகும் முன் முன்கைத் தகட்டை எடுத்தவர்களுக்கு அதே எலும்பு மறுபடி முறிவது அதிகம். எடுத்த பிறகும், துளைகள் நிரம்பும் வரை பல வாரங்களுக்குக் கனமான குடத்தைத் தூக்குவதும், பைக்கை ஸ்டாண்டில் ஏற்றுவதும், கிரிக்கெட் மட்டையைப் பிடிப்பதும் வேண்டாம் என்று மருத்துவர் சொல்வார். வலியே இல்லாத அந்த வாரங்களில்தான் கையை மீண்டும் முறித்துக்கொண்டு வருகிறார்கள்.